அமலோற்பவம்: யார் கருவான கதை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கத்தோலிக்கத் திருச்சபை அமலோற்பவத் திருநாளைக் கொண்டாடுவது டிசம்பர் 8. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25. நடுவில் 17 நாள். 'அமலோற்பவம்' என்றால் ஆண் துணையில்லாமல் மரியாள் இயேசுவைக் கருத்தரித்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை 17 நாளில் பிறந்திருக்க வேண்டும். அற்புதங்களை நம்புகிற சபைதான், ஆனால் இப்படியொரு அற்புதத்தை அது எங்கேயும் அறிவித்ததில்லை.

இப்போது டிசம்பர் 8-இலிருந்து சரியாக ஒன்பது மாதம் தள்ளிப் போங்கள். செப்டம்பர் 8. வேளாங்கண்ணித் திருவிழா முடிகிற நாள். காவி உடுத்திப் பாதயாத்திரை போகிற கூட்டமெல்லாம் அங்கே போய்ச் சேர்வது யாருடைய பிறந்தநாளுக்கு? மாதாவின் பிறந்தநாளுக்கு. அப்படியென்றால் டிசம்பர் 8-இல் கருவானது மாதா. வயிற்றில் சுமந்தவள் அவளுடைய அம்மா அன்னம்மாள். இயேசு கருவானதற்குத் தனியாக ஒரு திருநாள் இருக்கிறது: மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இரண்டு கரு, இரண்டு பிறப்பு, ஆளுக்கு ஒன்பது மாதம். சுவரில் மாட்டியிருக்கிற கோவில் காலண்டரே இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் படித்தவர்கள், எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், சில சமயம் பீடத்தில் நின்று மறையுரை வைப்பவர்கள்கூட இதைத் தப்பாகவே சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இந்தத் தப்பு பழையது. 'இம்மாகுலேட் கன்செப்ஷன்' என்றால் ஆண் விந்து இல்லாமல் நடந்த கர்ப்பம் என்றே பெரும்பாலான ஆங்கில வாசகர்கள் புரிந்துகொள்கிறார்கள். 2006-இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குப் பூங்காவில் ஃப்ளோரா என்ற கொமோடோ உடும்பு ஆணோடு சேராமலேயே கரு உள்ள முட்டைகளை இட்டது. உயிரியலில் இதற்குப் பெயர் பார்த்தெனோஜெனிசிஸ், கன்னிப் பிறப்பு. இந்த மாதிரி எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் மாதாவின் பட்டத்தை எடுத்து உடும்பின் தலையில் வைத்துவிடுவார். எங்கள் அலுவலகத்தில் யாரும் கை வைக்காத ஒரு மாட்யூல் திடீரென்று வேலை செய்ய ஆரம்பித்தபோது, "இம்மாகுலேட் கன்செப்ஷன் ப்ரோ" என்றான் ஒருவன். நல்ல ஜோக். ஆனால் அவன் சொல்ல நினைத்தது கன்னிப் பிறப்பை.

அங்கிருந்து தமிழுக்கு வருகிறது. ஆங்கில நாவலில் படித்த சொல்லுக்கு அகராதியில் 'அமலோற்பவம்' என்று பார்த்து, தகப்பன் பெயர் தெரியாத குழந்தையைப் பற்றிய கவிதைக்கு அதையே தலைப்பாக வைப்பது. 'சர்ச் சொல்ற அமலோற்பவம்னா பெண்ணுடலை மறுக்கிறது' என்று ஆரம்பித்து நாலு பத்தி கொந்தளிப்பது. கொந்தளிப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன, அதற்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு: நீங்கள் அடிப்பது வேறு வீட்டுக் கதவை.

'ஒரு சொல்லுக்கு இவ்வளவு கத்தணுமா?' என்று கேட்கலாம். மொழியில் பொருள் மாறுவது நடப்பதுதான். 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணம், இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே நடப்பது அப்படிப்பட்ட மாற்றம் இல்லை என்பதுதான் என் வாதம். இந்தத் தப்பான அர்த்தம் அறியாமையால் மட்டும் வருவதில்லை. 'கறை' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மண்டைக்குள் எது வருகிறதோ அதுதான் அந்தச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நமக்குக் கறை என்றால் உடலுறவு, உதிரம், பிரசவம். சுருக்கமாக, தீட்டு.

*

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அமல + உற்பவம். அமலம் என்றால் மலமற்றது. உற்பவம் என்றால் தோன்றுதல், கருவாதல்.

உற்பவத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், குழப்பம் தொடங்குகிற இடம் அது. இலத்தீனில் 'கொன்செப்த்சியோ' என்கிற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தாய் தந்தை பக்கமிருந்து பார்த்தால் அது அவர்கள் செய்கிற செயல். பிள்ளை பக்கமிருந்து பார்த்தால் அதற்கு நேர்கிற நிகழ்வு. இடைக்கால இறையியலாளர்கள் இதை உணர்ந்தே செய்வினைக் கருத்தரிப்பு, செயப்பாட்டுவினைக் கருத்தரிப்பு என்று இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஆங்கிலம் அந்த ஒற்றைச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டது. 'மேரியின் கன்செப்ஷன்' என்றால் மேரி கருத்தரித்ததா, மேரி கருவானதா? சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.

தமிழுக்கு இந்தச் சிக்கலே இல்லை. தாய் கருத்தரிக்கிறாள். பிள்ளை கருவாகிறது, உற்பவிக்கிறது. 'உற்பவித்தல்' பிள்ளையின் வினை. அன்னம்மாள் கருத்தரித்தாள், மரியாள் உற்பவித்தாள். அந்த வகையில் 'அமலோற்பவம்' இலத்தீன் மூலத்தைவிடத் தெளிவான சொல். யார் கருவானார்களோ அவர்கள் பக்கம் நின்று பேசுகிற சொல். அதை ஆங்கிலம் வழியாகத் திரும்பப் படித்து ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துகொண்டோம். நம் கையில் தெளிவான கண்ணாடி இருக்கும்போது பக்கத்து வீட்டின் கீறல் விழுந்த கண்ணாடியை இரவல் வாங்கியதுபோல.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். கோவிலில் சொல்லுகிற விசுவாசப் பிரமாணத்தின் பழைய தமிழில் இயேசு கருவானதற்கும் இதே 'உற்பவித்தல்'தான் வரும். ஞாயிறுதோறும் அதைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு உற்பவம் என்றதும் இயேசு நினைவுக்கு வருவது இயல்பு. புதுச்சேரி மிஷன் வீதிப் பேராலயத்தின் பிரெஞ்சுப் பெயர் அமலோற்பவ மாதாவின் பெயர்தான், ஆனால் ஊர் அதை ஜென்மராக்கினி மாதா கோவில் என்றும் சம்பா கோவில் என்றும்தான் சொல்லும். ஜென்மம் இருக்கிறது, அமலம் காணோம். யாழ்ப்பாணத்துப் பக்கம் 'அமலமரித் தியாகிகள்' என்றொரு துறவற சபை இருக்கிறது. அங்கே அமலம் இருக்கிறது, உற்பவம் காணோம். பேச்சுவழக்கில் சொல் இப்படித் துண்டாகித் துண்டாகித்தான் புழங்குகிறது. அமலா, அமலி, அமல்ராஜ் என்று கூப்பிடும்போது யாரும் 1854-ஐ நினைப்பதில்லை. அது தவறும் இல்லை.

*

1854-இல் நடந்தது இதுதான். அந்த ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஒன்பதாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் ஒரு கோட்பாட்டை அறிவிக்கிறார். அதன் சாரம்: மரியாள் கருவான முதல் கணத்திலிருந்தே, கிறிஸ்துவின் மீட்பை முன்னிட்டு, கடவுள் கொடுத்த தனி அருளால், ஜென்மப் பாவம் தொடாமல் காக்கப்பட்டாள். அவ்வளவுதான். அவளுடைய அப்பா அம்மா எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சுவக்கினும் அன்னம்மாளும் கணவன் மனைவி. இருவரின் பெயரும் பைபிளில் இல்லை, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த யாக்கோபின் முதல்நற்செய்தி என்ற நூலிலிருந்து வருகிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, ஊர் பேச்சுக் கேட்டு, பிறகு ஒரு மகளைப் பெற்ற தம்பதி. நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தக் கதை உண்டு.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். கத்தோலிக்க மரபு 'கறையே இல்லாத கருவாதல்' என்று பட்டம் கொடுத்த நிகழ்வு, ஒரு கணவனும் மனைவியும் உடலால் சேர்ந்து உண்டான கரு. கன்னி கருத்தரித்தது இன்னொரு நிகழ்வு, அதற்கு இந்தப் பட்டம் கிடையாது. அதாவது தப்பர்த்தம் சொல்வதற்கு நேர் எதிரானதைச் சொல் சொல்கிறது.

தப்பர்த்தத்தை அதன் எல்லை வரைக்கும் ஓட்டிப் பார்த்தால் அதன் அசிங்கம் தெரியும். ஆணோடு சேராமல் கருத்தரித்ததால்தான் அது 'அமலம்' என்றால், ஆணோடு சேர்ந்து கருத்தரித்த எல்லாமே 'மலம்' என்றாகிறது. உங்கள் அம்மா, என் அம்மா, வேளாங்கண்ணியில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டிய அத்தனை பெண்களும் அழுக்கைச் சுமந்தவர்கள் என்றாகிறது. ஒரு சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே எத்தனை பேரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்!

டிசம்பர் 8 மறையுரைகளில் நான் கேட்ட ஒரு வகை உண்டு. 'அமல மரியைப் போல நம் பெண் பிள்ளைகள் தூய்மையாக இருக்க வேண்டும்' என்று ஆரம்பித்து, கைப்பேசி, உடை, இரவில் வீட்டுக்கு வரும் நேரம் என்று போகும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையன்களுக்கு அன்று விடுமுறை. கோட்பாட்டின்படி பார்த்தால் இதில் ஒரு சொட்டு அர்த்தம் இல்லை. மரியாளின் அமலோற்பவத்தில் மரியாள் செய்தது எதுவுமே கிடையாது. அவள் அப்போது ஒரே ஒரு செல். ஒழுக்கமாக இருந்ததற்குக் கிடைத்த பரிசு இல்லை அது, முழுக்க முழுக்கக் கொடை. அதை எடுத்து ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் நடத்தைச் சான்றிதழாக மாற்றுவதற்குத் தப்பர்த்தம் தேவைப்படுகிறது. தப்பர்த்தம் யாருக்கு உதவுகிறது என்று கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

*

சரி, சபைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, நிறைய. அதை மறைத்துவிட்டுச் சொல்லை மட்டும் காப்பாற்றுவது நேர்மையாக இருக்காது.

430-இல் இறந்த அகுஸ்தீன் ஜென்மப் பாவம் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுவதை உடல் இச்சையோடு சேர்த்துக் கட்டினார். அந்த முடிச்சு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் பல நூற்றாண்டுகள் அவிழவில்லை. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரத்துக் குருக்கள் மரியாள் கருவான திருநாளைக் கொண்டாட ஆரம்பித்தபோது, மாதாவின் மீது அவ்வளவு பக்தி கொண்ட புனித பெர்நார்துவே அவர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அவருடைய தடை ஏறக்குறைய இதுதான்: இச்சை இருந்த இடத்தில் புனிதம் எப்படி இருக்க முடியும்? பாருங்கள், இன்றைக்குச் சொல்லைத் தப்பாகப் படிக்கிறவரின் மனதில் ஓடுகிற அதே கேள்வி. கோட்பாட்டை எதிர்த்தவர் வாயிலிருந்து வந்த கேள்வி.

கோட்பாட்டை ஆதரித்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஆன்செல்ம் ஜென்மப் பாவத்துக்கு வேறு விளக்கம் சொன்னார்: மனிதனிடம் இருந்திருக்க வேண்டிய ஒரு நேர்மை இல்லாமல் போன நிலை அது. இச்சை என்ற சேற்றை அதிலிருந்து தள்ளி வைத்தார். அவருடைய சீடர் காண்டர்பரி எட்மர் ஒரு உவமை கொடுத்தார். செஸ்ட்நட் கொட்டை முள்ளுறைக்குள்தான் வளர்கிறது, ஆனால் முள் அதைக் குத்துவதில்லை. நமக்குப் பலாப்பழம் என்றால் உடனே புரியும். பிறகு 1308-இல் இறந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் வந்து மிச்சத்தையும் முடித்தார். மரியாளுக்குப் பாவமே இல்லையென்றால் கிறிஸ்து அவளை எதிலிருந்து மீட்டார் என்பது பெரிய தடையாக இருந்தது. குழியில் விழுந்தவனைத் தூக்கிவிடுவதும் மீட்புதான், விழாமல் பிடித்துக்கொள்வதும் மீட்புதான், இரண்டாவதுதான் பெரிய மீட்பு என்பது அந்தப் பக்கத்து வாதம். புரொடக்‌ஷனில் வெடித்தபின் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து சரிசெய்தவனைத்தான் எல்லாரும் பாராட்டுவார்கள். வெடிக்காமலே பார்த்துக்கொண்டவனை யாருக்கும் தெரியாது. ஸ்கோட்டஸ் இரண்டாமவன் பக்கம் நின்றார்.

தோமா அக்குவினாசே இதை ஏற்கவில்லை. டொமினிக்கன்கள் ஒரு பக்கம், பிரான்சிஸ்கன்கள் மறுபக்கம் என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. 1483-இல் நான்காம் சிக்ஸ்துஸ் போப் 'ஒருத்தரை ஒருத்தர் பதிதர் என்று திட்டக் கூடாது' என்று ஆணை போட வேண்டிய அளவுக்குச் சண்டை. கீழைத் திருச்சபைகள் டிசம்பர் 9-இல் அன்னம்மாள் கருத்தரித்ததை அழகாகக் கொண்டாடுகின்றன, 1854 கோட்பாட்டை ஏற்பதில்லை. புராட்டஸ்டண்டுகளுக்கு இதற்கு வேதத்தில் ஆதாரமே கிடையாது.

எதிர்ப்பதற்கான நல்ல இடங்கள் இவைதான். வேதத்தில் நேரடியாக இல்லாத ஒன்றைக் கட்டாய நம்பிக்கையாக்கலாமா? பொதுச் சங்கம் கூட்டாமல் ஒரு போப் தனியாக அறிவிக்கலாமா? பிறந்த குழந்தைக்குப் பாவம் இருக்கிறது என்பதே நியாயமா? இதையெல்லாம் கேளுங்கள், நானும் கூடக் கேட்கிறேன். கோட்பாட்டை நான் நம்புகிறேனா என்பது வேறு பேச்சு. ஆனால் எதிர்க்க வேண்டுமென்றால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு எதிர்ப்பதுதான் மரியாதை. சொல்லாத ஒன்றை எதிர்த்து ஜெயிப்பவருக்கு எதிராளியே கிடையாது.

*

இப்போது 'மலம்'. இந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

இன்றைய தமிழில் மலம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மருத்துவமனைப் பரிசோதனைச் சீட்டில் வருகிற அர்த்தம். அதனாலேயே 'மாசற்ற', 'கறையற்ற' என்று சொல்லிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல்லைக் கிறிஸ்தவத் தமிழ் எடுத்துக்கொண்டபோது அதற்குப் பின்னால் ஒரு பெரிய சிந்தனை மரபு நின்றுகொண்டிருந்தது. சைவ சித்தாந்தத்தில் மலம் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் மூலமலம் ஆணவம். அது உயிரோடு ஒட்டியே இருக்கிறது, நெல்லோடு உமி போல, செம்போடு களிம்பு போல. அதற்கு இன்னொரு பெயர் சகச மலம். சகசம் என்றால் கூடவே பிறந்தது.

கூடவே பிறந்த அழுக்கு. நாம் செய்த குற்றம் எதையும் சுட்டுவதில்லை, இருக்கிற நிலையைச் சுட்டுகிறது. எந்தச் செயலுக்கும் முன்பே, உயிரின் பார்வையை மறைக்கிற இருள். ஜென்மப் பாவம் என்பதற்கு இதைவிட நெருக்கமான ஒரு கருத்தைத் தமிழ்நாட்டில் எங்கே போய்த் தேடுவது? 'பாவம்' என்றதும் நாம் செயலைத்தான் நினைக்கிறோம். 'ஜென்மம்' என்றதும் போன பிறவிக்குப் போய்விடுகிறோம். இரண்டையும் சேர்த்து 'ஜென்மப் பாவம்' என்றால் தமிழ்க் காதுக்கு அது கர்மாக் கணக்காகவே கேட்கிறது. 'மலம்' அந்தக் குழப்பத்தைச் செய்வதில்லை.

வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. ஆணவ மலம் அநாதியானது, ஜென்மப் பாவத்துக்கு ஆதாமில் ஒரு தொடக்கம் உண்டு. சித்தாந்தத்தின் சிவன் இயல்பிலேயே மலமற்றவன், அமலன், நின்மலன். மரியாள் இயல்பில் நம்மைப் போன்றவள், அருளால் காக்கப்பட்டவள். ஆனால் 'அமல' என்று சொன்னபோது, கறை என்பதற்கு உடல் சம்பந்தமில்லாத ஓர் அர்த்தம் தமிழில் தயாராக இருந்தது என்பதுதான் முக்கியம். ஆணவம் படுக்கையறையில் ஒட்டிக்கொள்வதில்லை. அது நான், எனது என்பதில் இருக்கிறது.

அந்த அர்த்தம் சுருங்கி 'மலம்' கழிப்பறைக்குப் போனபோது, அமலோற்பவமும் கூடவே உடம்புக்குள் இறங்கிவிட்டது. கறை என்றால் திரவம், உதிரம், தீட்டு என்று ஆனது. பிரசவமான வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிற பழக்கத்துக்கும் இந்தத் தப்பர்த்தத்துக்கும் வேர் ஒன்றுதான். வேதத்திலும் தீட்டு உண்டு. லேவியர் நூல் 12-ஆம் அதிகாரம் ஆண் குழந்தை பெற்றவளுக்கு 40 நாள், பெண் குழந்தை பெற்றவளுக்கு 80 நாள் கணக்குப் போடுகிறது. லூக்காவின்படி மரியாளும் அந்தச் சடங்குக்காக எருசலேம் கோவிலுக்குப் போனாள், ஏழைகள் கொடுக்கிற காணிக்கையான பறவைகளோடு. அமலம் என்று சபை சொல்கிற அதே பெண்ணுக்கு ஊர் முறைப்படி தீட்டு இருந்தது! இரண்டும் ஒரே அழுக்கு என்றால் இந்தக் காட்சிக்கு அர்த்தமே இல்லை. அமலம் என்ற சொல் பேசுகிற அழுக்கு வேறு, தீட்டு என்கிற அழுக்கு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

*

தீட்டு என்று சொன்ன பிறகு பெண்ணுடலோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் பாதிதான் பேசியதாகும். நம் ஊரில் பிறப்பிலேயே ஒட்டிக்கொள்கிற அழுக்கு என்று இன்னொன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் சாதி.

ஜென்மப் பாவத்தில் ஒரு கொடூரமான சமத்துவம் இருக்கிறது. ஆயருக்கும் அதுதான், ஆலயத்தைக் கூட்டுகிறவருக்கும் அதுதான். மேல்படியில் இருப்பவருக்குக் கொஞ்சம் கம்மி, கீழ்ப்படிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்று கிடையாது. மரியாள் என்ற ஒரே ஒருத்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்ததே, மற்ற எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதால்தான். அப்புறம் ஞானஸ்நானம் அந்தக் கறையைக் கழுவிவிடுகிறது என்கிறது சபை. அதிலும் எல்லாருக்கும் ஒரே தண்ணீர்.

ஆனால் நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த திருக்குடும்பக் கோவிலுக்கு இரண்டு நீளக் கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள் போலப் பிரிந்து, பீடத்தில் மட்டும் சேரும். ஒரு சாதிக்கு ஒரு கால். நடுத்தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து, தங்கள் தனியிடம் போய்விட்டது என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். அது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே நிற்கிற சுவர் நம் காலத்துச் செய்தி. ஞானஸ்நானப் பதிவேட்டில் கறை கழுவியாயிற்று என்று எழுதிவிட்டு, கல்லறையில் தனியிடம் கொடுத்தால் அந்தச் சபை உண்மையில் நம்புவது எந்தக் கறையை? ஜென்மப் பாவத்தையா, ஜென்மத்தையேவா?

அதனால்தான் இந்தச் சொல்லை விடக் கூடாது என்கிறேன். 'அமலோற்பவம்' சரியாகப் படிக்கப்பட்டால் அது நம்மிடம் கேட்பது சங்கடமான கேள்வி. பிறப்பில் ஒரு கறை இருக்கிறதென்றால் அது எல்லாருக்கும் ஒன்றே. உடல் சேர்ந்ததால் வந்ததும் இல்லை, எந்த வீட்டில் பிறந்தோம் என்பதால் வந்ததும் இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் டிசம்பர் 8-இல் தனிப் பாடம் நடத்த முடியாது. கல்லறைக்கு நடுவே சுவர் வைக்க முடியாது. தப்பாகப் படித்தால் எதையும் மாற்ற வேண்டாம். மாதா ரொம்பத் தூய்மையானவள், நாமெல்லாம் அப்படியே இருக்கலாம், தீட்டு தீட்டாகவே இருக்கும். எந்த அர்த்தம் ஏன் செல்வாக்காக இருக்கிறது என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1858 மார்ச் 25-இல், அறிவிப்பு வந்து நான்கு வருடம் முடியாத நிலையில், லூர்து நகரில் பெர்நதெத் சூபிரு என்ற 14 வயதுப் பெண் தான் கண்ட பெண்ணிடம் 'நீங்க யாரு?' என்று கேட்டதாகவும், அதற்கு வந்த பதிலைப் பங்குக் குருவிடம் போய் ஒப்பித்ததாகவும் வரலாறு சொல்கிறது. பதில் அவளுடைய உள்ளூர் வழக்கில் வந்தது: நானே அமலோற்பவம். இலக்கணப்படி விசித்திரமான வாக்கியம். 'நான் அமலமாய் உற்பவித்தவள்' என்று வந்திருக்க வேண்டும். ஒரு நிகழ்வின் பெயரை ஒருத்தி தன் பெயராகச் சொல்கிறாள். அந்த விசித்திரம் நமக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ பாட்டிமார் அமலோற்பவம் என்ற பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள். ஐந்தாறு பிள்ளை பெற்று, வயலில் நின்று, ரேஷன் கார்டில் எழுத்துப் பிழையோடு அந்தப் பெயரைச் சுமந்தவர்கள். தப்பர்த்தத்தின்படி அந்தப் பெயர் அவர்கள் மேல் ஒரு கேலி. சரியான அர்த்தத்தின்படி பார்த்தால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பெற்ற ஒரு பெண் குழந்தையைக் கறையில்லாதவள் என்று சொல்லி வைத்த பெயர் அது. ஊர் அப்படிச் சொல்லாத பெண்களுக்கு அவர்கள் வீடு அப்படிச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறது. அந்த அர்த்தத்தை அவர்களிடமிருந்து பிடுங்கி உடும்புக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை காலண்டரைப் பாருங்கள்.